கலலம் முதல் கருக்கோளம் வரை: கருவின் முதல் ஐம்பத்தாறு நாள்களும் தமிழ்ச் சொல் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

கருவுறுதல் தொடங்கி எட்டு வாரம் வரையிலான மனிதக் கருவின் வளர்ச்சியைத் தமிழ் எவ்வெச் சொற்களால் குறித்து வந்துள்ளது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பக்தி, சித்தர் இலக்கியங்களின் மாதக் கணக்கு, அடையாறு நூலகப் பதிப்புகளின் வழி அச்சில் பரவிய வடமொழி மரபின் இரவுக் கணக்கு, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உருவான மருத்துவ மொழிபெயர்ப்புகள், 1990-க்குப் பின் சென்னையில் பெருகிய கருத்தரிப்பு மருத்துவமனைகளின் வழக்கு ஆகியவை இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 'கரு' என்னும் ஒரே சொல் பல நிலைகளுக்கும் ஆளப்படுவதால் நோயாளரின் ஒப்புதல் பொருள் மயங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: கருவியல், கலைச்சொல்லாக்கம், போற்றித் திருவகவல், திருமந்திரம், சாமுவேல் கிறீன், கருத்தரிப்பு, ஒப்புதல் படிவம்

முன்னுரை

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வழியாக அடையாறு செல்பவர், 'கருத்தரிப்பு மையம்' என்னும் பெயர்ப்பலகையைப் பல இடங்களில் காணலாம். ஒரு தலைமுறைக்கு முன் இத்தெருக்களில் இப்பலகை இல்லை. இப்பகுதியில் இயங்கும் மையம் ஒன்றின் தமிழ் ஒப்புதல் படிவத்தை இக்கட்டுரையாளர் படிக்க நேர்ந்தது. அதன் ஒரே பக்கத்தில் 'கரு' என்னும் சொல் மூன்று பொருளில் வந்திருந்தது. பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்படும் முட்டை, ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்த உயிரணுத் திரள், கருப்பையில் வளரும் சிசு ஆகிய மூன்றும் அங்கு கருவே. படிவத்தில் கையொப்பமிடும் பெண், தாம் எதற்கு ஒப்புதல் தருகிறார் என்பதை அச்சொல்லைக் கொண்டு அறிய இயலாது. இம்மயக்கத்திற்கு மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. அதன் பின்னே நீண்ட வரலாறு உண்டு என்பதைத் தேடும்போதுதான் இக்கட்டுரை உருவாயிற்று.

முதலில் இன்றைய கருவியல் கூறுவதைச் சுருக்கமாகக் காணலாம். சூலகத்திலிருந்து வெளிப்படும் முட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். கருக்குழாயின் அகன்ற பகுதியில் அது விந்தணுவோடு இணைகிறது. இணைந்து ஏறத்தாழ 30 மணி நேரத்தில் முதற் பிளவு நிகழ்ந்து இரண்டு உயிரணுக்கள் ஆகின்றன. மூன்றாம் நாளில் எட்டு, நான்காம் நாளில் முசுக்கட்டைப் பழம் போன்ற திரள், ஐந்தாம் ஆறாம் நாள்களில் உள்ளே நீர்மம் நிறைந்த கருக்கோளம் என வளர்ச்சி செல்கிறது. ஆறு அல்லது ஏழாம் நாளில் அக்கோளம் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. இரண்டாம் வார இறுதியில், உடலின் தலை, கால், இட, வலத் திசைகளை வரையறுக்கும் முதற் கீற்று தோன்றுகிறது. இருபத்திரண்டாம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். எட்டாம் வாரம் முடியும்போது உறுப்புகள் யாவற்றின் அடிப்படை அமைப்பும் உருவாகியிருக்கும்.

இந்நாள்கள் கருவுற்ற நாளிலிருந்து எண்ணப்படுபவை. மருத்துவமனைகளோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றன. ஆகவே 'ஆறு வாரக் கர்ப்பம்' என்று மருத்துவர் கூறும்போது கருவின் வயது நான்கு வாரமே. 'பத்து மாதம் சுமந்தாள்' என்னும் தமிழ் வழக்கும் இந்த இரண்டாம் கணக்கோடுதான் பொருந்துகிறது. 28 நாள் கொண்ட பத்து மாதங்கள் 280 நாள்கள் ஆகும். மாதவிலக்கிலிருந்து பேறு வரை மருத்துவம் எண்ணுவதும் 280 நாள்களே. ஒன்பது மாதத்தைப் பத்து என்று மிகைப்படுத்தியதாக இவ்வழக்கைக் கருதுவோர் உளர்; அது சரியன்று.

மாதக் கணக்கு

தமிழில் கருவின் வளர்ச்சியை வரிசையாகக் கூறும் பகுதிகளுள் மிகுதியும் அறியப்பட்டது திருவாசகத்துப் போற்றித் திருவகவலில் உள்ளது. தாயின் வயிற்றில் கிருமிகளோடு நிகழும் போரில் தப்பியது தொடங்கிப் பத்தாம் மாதத்துத் துயர்க்கடலில் தப்பியது வரை, மாதந்தோறும் ஓர் இடரைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் 'பிழைத்தல்' என்னும் வினையை மாணிக்கவாசகர் அடுக்கிச் செல்கிறார். முதல் மாதத்துக் கருவுக்குத் தான்றிக்காய் உவமை. அது இரண்டாகப் பிளவுபடும் இடரிலிருந்து பிழைத்ததாகக் கூறப்படுகிறது.

இங்கு கருவைப் பார்ப்பவர் யார் என்பது வினாவுக்குரியது. தாயும் மருத்துவச்சியும் அல்லர். கருவில் இருந்த உயிரே பின்னர்த் தன் இடர்களை நினைவுகூர்கிறது. வளர்ச்சி என்பது உறுப்புகள் தோன்றும் வரிசையாகச் சொல்லப்படாமல், கடந்துவந்த ஆபத்துகளின் வரிசையாகச் சொல்லப்படுகிறது. பிள்ளைத்தமிழ் பிறந்த மூன்றாம் திங்களில் காப்புப் பருவத்தோடு தொடங்கி மாதங்களை எண்ணுகிறது. அகவலின் இப்பகுதி பிறப்புக்கு முந்தைய மாதங்களை எண்ணுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது பயன் தரும். அவ்வாறு பாடத்திட்டங்களில் வைக்கப்படுவதில்லை.

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' தனிப் பகுதியாகவே அமைந்துள்ளது. திருமூலரின் அக்கறை வேறு. தத்துவங்கள் எவ்வாறு கருவில் புகுகின்றன, மூச்சு எந்த நாசி வழி இயங்கினால் ஆண், எவ்வழி இயங்கினால் பெண், இரண்டும் ஒத்தால் என்ன, அபான வாயு எதிர்த்தால் இரட்டைப் பிள்ளை ஆவது எப்படி என்று அவர் காரணங்களைத் தேடுகிறார். தாய் வயிற்றில் மலமும் நீரும் மிகுவதால் பிள்ளைக்கு வரும் குறைகளையும் வகைப்படுத்துகிறார். இவற்றுள் எதனையும் இன்றைய கருவியல் ஏற்காது. பாலினத்தை முடிவு செய்வது விந்தணு கொண்டுவரும் குரோமோசோம் என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஆயினும் கருவில் நிகழ்வனவற்றுக்குக் காரணம் உண்டு, அக்காரணத்தை வகைப்படுத்தலாம் என்னும் நோக்கு அங்கு இருப்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

பட்டினத்தார் பெயரால் வழங்கும் உடற்கூற்று வண்ணம் இன்னும் நுண்ணிய தொடக்கத்திலிருந்து புறப்படுகிறது. பனித்துளியின் பாதியளவு சிறுதுளி வயிற்றில் புகுந்து திரண்டு, தாமரை அரும்பாகி, ஆமை வடிவாகி, பின் கண்ணும் வாயும் கைகால்களும் பெறுவதாக அது பாடுகிறது. இறப்பு வீடுகளில் ஓதப்படும் பாடல் இது. கருவின் முதல் நாள்களைப் பற்றித் தமிழர் செவியில் மிகுதியாக விழுந்த வருணனை, பிணத்தின் அருகில் கேட்கப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. நிலையாமையை உணர்த்தவே அங்கு கரு வருகிறது.

இம்மூன்றையும் கருவியல் நூல்களாகப் படிக்கும் போக்கு அண்மைக் காலத்தில் வலுத்துள்ளது. திருவகவலில் வரும் கிருமிப் போரை, முட்டையை நோக்கி விந்தணுக்கள் விரையும் போட்டி என்று விளக்கும் சொற்பொழிவுகளையும் கட்டுரைகளையும் பலரும் அறிவர். தான்றிக்காயின் பிளவை ஒருகரு இரட்டையர் உருவாதலோடு பொருத்துவோரும் உண்டு. இவ்விளக்கங்களில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, கருப்பையிலுள்ள சிசுவைக் கிருமிகள் கடித்து வருத்தும் என்பது வடமொழிப் புராணங்களிலும் வரும் பழைய கருத்து. பாகவதத்தின் மூன்றாம் கந்தத்தில் அது வெளிப்படையாகவே உள்ளது. அங்கு கிருமி கருவின் பகை; கருவை உண்டாக்குவது அன்று. அகவலிலும் கரு அப்போரில் 'பிழைக்கிறது' என்றே உள்ளது. இரண்டாவது, விந்தணுவை லீவன்ஹூக் நுண்ணோக்கியில் கண்டது 1677-இல். பாலூட்டிகளின் முட்டையை ஃபான் பேயர் கண்டது 1827-இல். விந்தணுவும் முட்டையும் இணைவதைக் கடல்முள்ளெலியில் ஆஸ்கர் ஹெர்ட்விக் விளக்கியது 1876-இல். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் புலவர் கண்டார் என்று சொல்வது அவருக்குச் சிறப்புச் சேர்ப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவர் சொல்ல வந்ததை அது மறைத்துவிடுகிறது.

அவர்கள் கண்டது என்ன என்னும் வினாவே பயனுள்ளது. ஒன்று, இரண்டு மாதங்களில் சிதைந்து வெளிப்படும் கருவைப் பெண்களும் மருத்துவச்சியரும் கண்டிருப்பர். தான்றிக்காய், அரும்பு, ஆமை என்னும் உவமைகள் அவ்வாறு கண்ட கண்களிலிருந்து புலவர்களிடம் வந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. எட்டு வாரத்திற்கு உட்பட்ட கருவின் வளைந்த முதுகும் குறுகிய கைகால் மொட்டுகளும் ஆமையை நினைவூட்டுவன. பாடலில் பெயரின்றிப் போன அப்பெண்களின் அறிவே தமிழ்க் கருவியலின் முதல் அடுக்கு எனலாம்.

தொல்காப்பியக் கற்பியலில் வரும் விதி ஒன்றும் இங்கு தொடர்புடையது. பூப்பு நிகழ்ந்த பன்னிரு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்து உறையலாகாது என்பது அவ்விதி. உரையாசிரியர்கள் இதனைக் கருத்தங்கும் காலத்தோடு இணைத்தே விளக்கினர். முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரு வாரம் முன்பு என்பதை ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாவுஸும் நிறுவியது 1920-களில்தான். அதற்கு முன் ஐரோப்பிய மருத்துவர் பலரும் மாதவிலக்கை ஒட்டிய நாள்களையே கருவுறும் நாள்களாகக் கருதினர். தொல்காப்பிய விதியின் கடைசி நாள்கள் இன்றைய கணக்கின் வளமான நாள்களோடு பொருந்துகின்றன; முதல் நாள்கள் பொருந்தவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரவுக் கணக்கு: அடையாறும் மயிலாப்பூரும்

மேற்கண்ட தமிழ்ப் பனுவல்கள் மாதங்களை எண்ணுகின்றன அல்லது காலத்தையே சொல்லாது விடுகின்றன. முதல் மாதத்துக்கு உள்ளே நாள்களைப் பிரித்து எண்ணுவது வடமொழி மரபில் காணப்படுகிறது. கர்ப்ப உபநிடதம் ஓர் இரவில் கலலம், ஏழு இரவில் குமிழி, அரை மாதத்தில் பிண்டம், ஒரு மாதத்தில் கெட்டிப்படுதல், இரண்டாம் மாதத்தில் தலை, மூன்றாம் மாதத்தில் பாதங்கள் என வகுக்கிறது. பாகவதம் கலலத்திற்கு ஓர் இரவும் குமிழிக்கு ஐந்து இரவும் தருகிறது. சுசுருத சங்கிதையோ முதல் மாதம் முழுவதையும் கலலம் என்று கூறி, மூன்றாம் மாதத்தில் தலையும் கைகால்களுமாக ஐந்து மொட்டுகள் தோன்றும் என்கிறது. கைகால் மொட்டுகள் நான்காம் வாரத்திலேயே தோன்றுவதால் இக்கணக்கு பிந்தியது. நூல்களுக்குள்ளேயே எண்ணிக்கை மாறுபடுவது, இவை அளந்து பெற்றவை அல்ல, வகுத்துக்கொண்டவை என்பதைக் காட்டுகிறது.

கர்ப்ப உபநிடதம் சென்னையில் அச்சுப் பெற்றதற்கு அடையாறு காரணமாயிற்று. 1886-இல் நிறுவப்பட்ட அடையாறு நூலகம், 1920-களின் தொடக்கத்தில் அ. மகாதேவ சாஸ்திரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, காஞ்சிபுரத்து உபநிடத் பிரம்ம யோகியின் உரையுடன் உபநிடதங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றுள் சாமானிய வேதாந்த உபநிடதத் தொகுதியில் இச்சிறு நூலும் அடங்கியது. அதே காலத்தில் மயிலாப்பூரில், வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் தோற்றுவித்த வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம் இயங்கிவந்தது. ஒன்று நூலை அச்சிட்டது, மற்றொன்று நோயாளரைப் பார்த்தது.

இவ்விரண்டு உலகங்களையும் இணைத்தவராகக் கேப்டன் கோ. சீனிவாசமூர்த்தியைக் குறிப்பிடலாம். மேலை மருத்துவம் பயின்று படையில் பணியாற்றிய அவர், சென்னை அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் அமைத்த உள்நாட்டு மருத்துவக் குழுவின் செயலாளரானார். 1923-இல் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1920-களின் நடுவில் சென்னையில் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவப் பள்ளியின் முதல் தலைவராகவும், பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் அவர் விளங்கினார். இரு மருத்துவங்களையும் ஒரே மாணவன் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் 'கலலம்' என்னும் சொல்லும் நுண்ணோக்கியில் தெரியும் உயிரணுத் திரளும் ஒன்றுதானா என்னும் வினாவை ஒரே வகுப்பறை தீர்த்துவிடவில்லை. சொல் ஏட்டில் நின்றது. பொருள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது.

மானிப்பாயும் எழும்பூரும்

தமிழில் கருவியலை மேலை மருத்துவ முறையில் சொல்லும் முயற்சி சென்னையில் தொடங்கவில்லை. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமனையும் பயிற்சியும் நடத்தினார். 1852-இல் உடற்கூறும் உடலியக்கமும் பற்றிய நூல், 1857-இல் மான்செலின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியம், 1867-இல் இரண வைத்தியம், 1872-இல் மனுஷ அங்காதிபாதம், 1883-இல் டால்டனின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் எனப் பெருநூல்கள் அவராலும் அவருடைய தமிழ் மாணவர்களாலும் வெளிவந்தன. டால்டனின் ஆங்கில மூலம் தன் மூன்றாம் பகுதியை முழுவதுமாக இனப்பெருக்கத்துக்கும் கருவளர்ச்சிக்கும் ஒதுக்கியது. ஹெர்ட்விக் கருவுறுதலை விளக்கிய ஏழாண்டுகளில் தமிழ் மாணவர் கையில் உடலியங்கியல் பெருநூல் ஒன்று தம் மொழியில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

கிறீனின் சொல்லாக்கம் பெரும்பாலும் வடமொழி வேர்களைச் சார்ந்தது. அங்காதிபாதம், சுகரணம் போன்ற சொற்கள் இன்று வழக்கில் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மருத்துவத் தமிழ் மரபு அறுபடவில்லை. இலங்கைப் பாடநூல்கள் பின்னர் புணரி, நுகம், முளையம், முதிர்மூலவுரு, சூல்வித்தகம் என ஒவ்வொரு நிலைக்கும் தனிச்சொல் அமைத்தன. முட்டையும் விந்தணுவும் இணைந்து உருவாகும் முதல் உயிரணுவை நுகம் என்றது நுட்பமானது. அதற்குரிய கிரேக்கச் சொல்லும் நுகத்தடியில் பூட்டுதல் என்னும் பொருளுடையது. ஏர் பூட்டும் தமிழருக்கு அவ்வுருவகம் விளக்கம் இன்றியே புலப்படும். முளையம் என்பதும் அவ்வாறே. நெல்லின் முளையைக் கண்டவர் அதனை மறவார்.

சென்னையின் நிலை வேறு. எழும்பூரில் 1844-இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை ஆசியாவின் பழமையானவற்றுள் ஒன்று. அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1938-இல் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவ நூல் இந்தியா முழுவதும் மாணவர் கையேடாக நிலைத்தது. அது ஆங்கில நூல். மானிப்பாயில் தமிழில் பிரசவ வைத்தியம் அச்சாகி எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும், சென்னையில் அத்துறை தமிழைத் தொடவில்லை. அதே 1938-இல்தான் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தன் கலைச்சொற்கள் தொகுப்பை வெளியிட்டது. 1940-இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த கலைச்சொற் குழு வடமொழிச் சார்பு உடையது என்று தமிழறிஞர் எதிர்த்தனர். தமிழ்ச் சொல்லா வடசொல்லா என்பதே அப்போதைய வழக்கின் மையம். ஒரு சொல் எத்தனை பொருளைச் சுமக்கலாம் என்னும் வினா அப்பூசலில் பின்தள்ளப்பட்டது. 'கரு' தூய தமிழ்ச் சொல் என்பதால் அதை யாரும் ஐயுறவில்லை.

கண்ணாடிக் கிண்ணத்தில்

1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரௌன் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவருடைய கூற்றை அரசுக் குழு ஏற்கவில்லை. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்ட் 6-இல் மும்பையில் இந்திரா ஹிந்துஜா, டி. சி. ஆனந்தகுமார் குழுவின் முயற்சியில் பிறந்த குழந்தையே நீண்ட காலம் நாட்டின் முதல் குழந்தையாகக் கொள்ளப்பட்டது. முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்த ஆனந்தகுமாரே 1997-இல் முதன்மை அவருக்கு உரியது என்று எழுதினார். தம் புகழைத் தாமே விட்டுக்கொடுத்த அச்செயல் ஆய்வு நேர்மைக்கு அரிய சான்று.

1990-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் மருத்துவர் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் 'சோதனைக்குழாய்க் குழந்தை' பிறந்தது. இச்சொல் ஆங்கில இதழியல் வழக்கின் நேர்பெயர்ப்பு. உண்மையில் முட்டையும் விந்தணுவும் சேர்க்கப்படுவது தட்டையான கண்ணாடி அல்லது நெகிழிக் கிண்ணத்தில். குழாயில் குழந்தை வளர்வதில்லை. ஐந்து நாளுக்குள் கருக்கோளம் கருப்பைக்கு மாற்றப்படுகிறது. குழந்தை முழுவதும் குழாயில் வளர்ந்ததாக எண்ணியவர்கள் அன்று பலர். சொல்லே அவர்களுக்கு அவ்வாறு கற்பித்தது.

அதற்கு மாற்றாக வந்த 'செயற்கைக் கருத்தரிப்பு' இன்னும் ஆழமான சிக்கலைத் தருகிறது. தரித்தல் என்பது தாங்குதல், ஏற்று நிற்றல். கருத்தரித்தல் என்னும் வினைக்கு எழுவாய் எப்போதும் பெண்ணே. 'அவள் கருத்தரித்தாள்' என்கிறோம். கருவுறுதலும் பதிதலும் ஓர் உடலுக்குள் பிரித்தறிய இயலாதவாறு நிகழ்ந்த காலத்தில் இச்சொல் இரண்டையும் சேர்த்துக் குறித்தது, அதில் பிழையில்லை. கிண்ணத்தில் கருவுறுதல் நிகழும்போது இரண்டும் ஐந்து நாள்களாலும் ஓர் அறையாலும் பிரிகின்றன. கிண்ணம் கருத்தரிக்காது. ஆய்வகத்தில் கருவுறுதல் நிகழ்ந்தது என்னும் செய்தியை 'கரு உண்டாகிவிட்டது' என்று தமிழில் கேட்கும் பெண், தாம் கர்ப்பமாகிவிட்டதாகவே உணர்கிறார். 'கரு உண்டாதல்' என்னும் தொடருக்குத் தமிழில் வேறு பொருளே இதுவரை இருந்ததில்லை. பதியாமல் போன கருக்கோளங்களை அவர் இழந்த பிள்ளைகளாக எண்ணித் துயருறுவதற்கு இம்மொழியும் ஒரு காரணம். இயல்பான கருவுறுதலிலும் பல கருக்கோளங்கள் பதியாமலே, யாரும் அறியாமலே நீங்கிவிடுகின்றன என்பதைச் சொல்ல அவருக்கு யாரிடமும் சொல் இல்லை.

இங்கு விளம்பரமும் நுழைகிறது. ஒரு மையம் தன் 'வெற்றி விழுக்காடு' என்று எதைச் சொல்கிறது? கருவுறுதலையா, பதிதலையா, குழந்தைப் பேற்றையா? ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். தமிழ்ப் பலகையில் மூன்றும் 'கருத்தரிப்பு வெற்றி' ஆகிவிடுகின்றன.

கருமுட்டை என்னும் இடறல்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 'கருமுட்டை' என்பது கருவுற்று இருமய நிலை அடைந்த முதல் உயிரணு. நாளிதழ்களிலும் மருத்துவமனைகளிலும் 'கருமுட்டை' என்பது பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்படும், கருவுறாத முட்டை. ஒன்றில் ஆணின் பங்கு உண்டு, மற்றொன்றில் இல்லை. 2022-இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் முட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்ட கொடுமை வெளிவந்தபோது, செய்தித்தாள்கள் யாவும் அதனைக் 'கருமுட்டை விற்பனை' என்றே எழுதின. படித்தவர்களிலும் சிலர் அது குழந்தை விற்பனையோடு ஒத்தது என்று புரிந்துகொண்டதை இக்கட்டுரையாளர் உரையாடல்களில் கேட்டார். குற்றம் அச்சிறுமியின் உடலுக்கு இழைக்கப்பட்டது. அவள் உடலிலிருந்து கவனத்தைக் 'கரு'வின் பக்கம் இச்சொல் திருப்பிவிட்டது.

இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. முட்டைக் கொடையாளரின் வயது 23 முதல் 35 வரை இருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒருமுறையே கொடுக்கலாம்; ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது என்பன அதன் விதிகள். முட்டை வேறு, கரு வேறு என்னும் பிரிவை அடித்தளமாகக் கொண்ட சட்டம் அது. கருவுறுதல் தொடங்கி ஐம்பத்தாறு நாள் முடியும் வரை உள்ளது கரு என்று அது வரையறுக்கிறது. கருவின் பாலினம் அறிதலைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஐம்பத்தாறு நாள் வரை ஒரு பெயரும் ஐம்பத்தேழாம் நாள் முதல் மற்றொரு பெயரும் தருகிறது. அமெரிக்காவின் கார்னெகி நிறுவனக் கருவியல் துறை சேகரித்த மனிதக் கருக்களைக் கொண்டு வகுக்கப்பட்ட இருபத்துமூன்று நிலைகளும் இதே ஐம்பத்தாறு நாளில் முடிகின்றன. குருத்தணு ஆய்வுக்கான 2017-ஆம் ஆண்டு நாட்டு நெறிமுறைகள் மற்றொரு கோட்டையும் வரைந்துள்ளன: பதினான்கு நாள் அல்லது முதற் கீற்றுத் தோன்றுதல், இவற்றுள் எது முந்தியதோ அதற்குமேல் மனிதக் கருவை ஆய்வகத்தில் வளர்க்கலாகாது.

சட்டம் நாள்களை எண்ணும்போது, படிவத்தின் தமிழ் இன்னும் மாதங்களின் தமிழாகவே உள்ளது. புதிய சொல் படைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. கருவுறாத நிலைக்குச் 'சினைமுட்டை' என்னும் சொல் பாடநூல்களிலும் மணவை முஸ்தபா போன்றோர் காலத்து அறிவியல் தமிழிலும் பழகியதே. முதல் உயிரணுவுக்கு ஈழத்து 'நுகம்' உண்டு. ஐந்தாம் நாளுக்குக் 'கருக்கோளம்' தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே உள்ளது. ஐம்பத்தாறு நாள் வரை 'முளையம்', அதன்பின் 'சிசு' என்று கொண்டால் சட்டத்தின் பிரிவும் நிறைவேறும். முதிர்மூலவுரு நாவில் தங்காது என்பதால் அதனை இங்கு பரிந்துரைக்கவில்லை. ஈழத்துச் சொற்களைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகள் ஏற்குமா என்று கேட்கப்படலாம். 'கணினி'யும் ஒருகாலத்தில் புதுச்சொல்லே.

மடிய விடுதல்

சொற்பிரிவு மிகவும் தேவைப்படும் இடம் படிவத்தின் கடைசிப் பத்தி. சிகிச்சைக்குப் பின் எஞ்சும் கருக்கோளங்கள் நீர்ம நைட்ரஜனில் உறைநிலையில் வைக்கப்படுகின்றன. பத்து ஆண்டுகளுக்குமேல் அவ்வாறு வைக்கச் சட்டம் இடந்தரவில்லை. காலம் முடிந்ததும், தம்பதியரின் ஒப்புதலோடு பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு அளிக்கலாம். இல்லையேல் அவற்றைத் தாமே மடிய விட வேண்டும் என்பதே சட்டத்தின் சொல்லாட்சி. அழித்தல் என்னும் வினையைச் சட்டம் அங்கு ஆளவில்லை. செயப்படுபொருள் குன்றிய வினையைத் தேர்ந்துள்ளது.

இக்கட்டுரையாளர் கண்ட படிவமோ அவ்விடத்தில் 'கருவை அழிக்க முழுச் சம்மதம் தெரிவிக்கிறோம்' என்று கூறியது. தமிழில் கருவை அழித்தல் என்பதற்குக் கருக்கலைப்பு என்பதே நெடுங்காலப் பொருள். அதனோடு பழியும் பாவமும் ஒட்டியுள்ளன. மாதவிலக்கு நின்ற பெண்ணின் வயிற்றிலுள்ள கருவுக்கும், பதியாத, கீற்றுத் தோன்றாத, உறைந்த கருக்கோளத்துக்கும் அப்படிவம் வேறுபாடு காட்டவில்லை. கையொப்பமிட மறுத்துவிட்டு ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் செலுத்தி வரும் தம்பதியர் சிலர் உண்டு என்று அம்மையத்தின் ஆலோசகர் ஒருவர் கூறினார். அவர்கள் மறுப்பது சட்டத்தையா, அந்த ஒரு வினைச்சொல்லையா என்று கேட்டதற்கு, பெரும்பாலும் சொல்லைத்தான் என்றார். புதிய அச்சுக்கு அனுப்பவிருந்த படிவத்தில் அவர் பென்சிலால் 'அழிக்க' என்பதை அடித்து 'மடிய விட' என்று எழுதி, அதன் மேலே ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார்.